இரண்டு கிளாஸ், ஒரு தெர்மாமீட்டர்: கடற்கரை வீட்டில் ஒயினை ருசித்து ஒப்பிடுவது

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று ஒரு பழைய விதி உண்டு. அந்த விதி பிறந்தது ஐரோப்பாவின் கல்சுவர் வீடுகளில். அங்கே அறை வெப்பம் என்றால் 16 முதல் 18 டிகிரி. இராமநாதபுரம் கடற்கரையின் தொண்டியிலோ மண்டபத்திலோ மூக்கையூரிலோ சித்திரை மாதத்து மாலையில் அறைக்குள் 33 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் மிக நல்ல ஒயினிலும் முதலில் சாராய நெடிதான் ஏறும். பழ மணம் காய்ச்சிய ஜாம் மணமாகிவிடும், துவர்ப்பு நாக்கில் முரடாக ஒட்டும். இந்தக் கரையில் ஒருமுறை குடித்துப் பார்த்து, நமக்கு ஒத்துவராது என்று விட்டவர்கள் பலர் உண்மையில் விட்டது சூடேறிய ஒயினைத்தான்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டே வேலைகள். ஒன்று, பாட்டிலைச் சரியான குளிர்ச்சிக்குக் கொண்டுவருவது. மற்றொன்று, ஒரு ஒயினைத் தனியாகக் குடிக்காமல் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது. தனியாக ஒன்றைக் குடித்தால் நல்லா இருக்கு, இல்லை என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எதுவும் வராது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் இது அதைவிடப் புளிப்பு, அது இதைவிட மெலிசு என்று நாக்கு பேசத் தொடங்கும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை கடை திறந்திருக்கும், வாங்குபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு மறுநாள் வரும் திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், காந்தி ஜயந்தி போன்ற நாள்களில் கடை அடைப்பு. விசேஷத்துக்கு வாங்குவதென்றால் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

சாதாரணக் கடையில் ஒயின் வேகமாக விற்காது. பல மாதம் சூட்டில் நின்ற பாட்டிலாக இருக்கலாம். எலைட் கடைகளில் வகையும் அதிகம், ஏசியும் பெரும்பாலும் இருக்கும். எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கார்க் பாட்டில் வாயைவிட மேலே தள்ளியிருக்கிறதா? மூடியின் கீழே பிசுபிசுப்பாகக் கசிந்த தடம் உண்டா? ஒயினின் மட்டம் கழுத்தைவிட்டுத் தோள்வரை இறங்கியிருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் அது சூட்டில் விரிந்து வெளியேறிய பாட்டில், வேண்டாம். வெள்ளை ஒயினை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிர் வைக்கோல் நிறம் சரி, ஆறிய டீ நிறம் பழசு.

அடுத்து லேபிளில் உள்ள ஆண்டு. நாசிக், நந்தி மலை போன்ற நம் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் மழைக்காலம் முடிந்ததும் கொடியைக் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். லேபிளில் அச்சிட்ட ஆண்டு அந்த அறுவடை ஆண்டு. அன்றாட வெள்ளை ஒயின் என்றால் இந்த ஆண்டு அல்லது சென்ற ஆண்டு, சிவப்பு என்றால் மூன்றாண்டுக்குள். ஒயின் வைக்க வைக்க மெருகேறும் என்பது மிகச் சில ஒயின்களுக்கே, அதுவும் குளிர்ந்த அறையில் வைத்தால் மட்டுமே பொருந்தும்.

கார்க் மூடியா, திருகு மூடியா என்று இரண்டும் இருந்தால் திருகு மூடியை எடுங்கள். அது மட்டம் என்ற எண்ணம் தவறு. நம் சூட்டில் கார்க்குதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

போர்ட் என்ற பெயரில் விற்கும் விலை குறைந்த உள்நாட்டு இனிப்பு ஒயின்கள் தனி வகை. உண்மையான போர்ட் போர்ச்சுகலின் டௌரோ பள்ளத்தாக்கில், சாறு புளிக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்துச் செய்வது; சாராய அளவு சுமார் 20 சதவீதம். இனிப்பு ஒயின் பிடித்தால் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பழகுவதற்கு இனிப்பில்லாத ஒயின்தான் ஏற்றது, சர்க்கரை மற்ற எல்லாச் சுவையையும் மூடிவிடும்.

மதுரையிலிருந்து வாங்கி வருகிறவர்கள் மீன் கட்டுகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுபோகலாம். பெட்டி புதிதாக இருக்கட்டும், உள்ளே உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை நாள் கிடந்த ஒயினை அப்புறம் எவ்வளவு குளிர வைத்தாலும் பழைய மணம் திரும்பாது.

குளிர வைக்கும் கணக்கு

வைகை கடலைத் தொடும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய ஆம்போரா சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் அந்த வகைச் சாடிகளில்தான் கப்பலேறி வந்தன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாடிய சங்கப் புலவர் அதற்குக் கொடுத்த அடைமொழிகளும் இரண்டுதான்: குளிர்ச்சி, மணம். இன்றைக்கும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவை அவையே.

குளிர்ச்சி மணத்தை அடக்கும், புளிப்பையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டும். சூடு மணத்தையும் சாராயத்தையும் கிளப்பும். அதனால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு அளவு உண்டு. நுரைக்கும் ஒயினுக்கும் இனிப்பு ஒயினுக்கும் 6 முதல் 8 டிகிரி. சாவிஞ்ஞோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் போன்ற வெள்ளைக்கு 8 முதல் 10. பீப்பாயில் வைத்த ஷார்டொனே என்ற வெள்ளைக்கும், ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கும் 10 முதல் 12. லேசான சிவப்புக்கு 14, ஷிராஸ், கேபர்னே போன்ற கனமான சிவப்புக்கு 16 முதல் 18. சமையலறைக்கு விற்கும் குத்துமுனைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். விலை உயர்ந்த கிளாஸைவிட அதுதான் அதிகம் உதவும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் சிவப்பு ஒயினை 20 நிமிடம் பிரிட்ஜில் வைத்தால் போதும் என்று இருக்கும். அவர்கள் வீட்டு அலமாரி 21 டிகிரி. நம் வீட்டில் 32-இல் நிற்கும் பாட்டில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 17-க்கு இறங்க ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வெள்ளைக்கு நான்கு மணி நேரம்; முந்தின இரவே வைத்துவிடுவது எளிது. வைத்த வெள்ளையைக் குடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் சரியாக இருக்கும்.

அவசரத்துக்கு வாளிதான் சிறந்த வழி. கழுத்துவரை மூழ்கும் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. வெறும் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே பாட்டிலை நிறுத்தினால் கட்டிகளுக்கிடையே காற்றுதான் அதிகம் இருக்கும், குளிர் ஏறாது. தண்ணீர் சேர்ந்தால் கண்ணாடியை முழுதும் தொடும். உப்பு சேர்ந்தால் ஐஸ் தண்ணீர் சுழியத்துக்கும் கீழே போகும். இந்த வாளியில் சிவப்பு 10 முதல் 12 நிமிடத்திலும், வெள்ளை 20 முதல் 25 நிமிடத்திலும் தயாராகும். நடுவில் இரண்டு மூன்று முறை பாட்டிலைச் சுழற்றிவிடுங்கள். ஐஸ் கம்பெனியில் மீனுக்கு வாங்கும் பாளத்தை உடைத்து வாளிக்குப் பயன்படுத்தலாம். அது பாட்டிலுக்கு வெளியே மட்டும், கிளாஸுக்குள் எந்த ஐஸும் வேண்டாம்.

ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடுவது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு. ஒயின் சுமார் மைனஸ் 5 டிகிரியில் உறையத் தொடங்கி விரியும், கார்க்கைத் தள்ளும், சில நேரம் பாட்டிலே விரிசல் விடும். நுரைக்கும் ஒயினை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

ஊற்றிய பிறகும் சூடு விடாது. நம் வீட்டுக் கிளாஸில் கால் மணி நேரத்தில் ஒயின் ஐந்து டிகிரி ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், பாட்டிலை வாளியிலேயே வையுங்கள், எப்போதும் இலக்குக்கு இரண்டு டிகிரி கீழே இருந்து தொடங்குங்கள்.

வாரக்கணக்கில் வைத்திருப்பதற்கு இந்தக் கரையில் பிரிட்ஜின் காய்கறித் தட்டைவிட நல்ல இடம் இல்லை. கட்டிலடி, மண்பானை, ஈர மணல் என்று செய்து பார்ப்பவர்கள் உண்டு. கச்சான் காற்று வறண்டு வீசும் நாளில் ஈர மணல் கொஞ்சம் குளிரும், மற்ற நாளில் கடல் ஈரம் ஆவியாதலைத் தடுத்துவிடும். குளிர்ந்த இடமில்லாத வீட்டில் நல்ல பாட்டிலைச் சேர்த்துவைக்கவே வேண்டாம், வாங்கிய மாதமே குடிப்பது நல்லது.

கிளாஸும் கழுவும் தண்ணீரும்

அடியில் அகன்று வாயில் குறுகிய, தண்டுள்ள கண்ணாடிக் கிளாஸ் வேண்டும். ஒப்பிடுவதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம் என்றால் மணத்தின் வேறுபாடு ஒயினால் வந்ததா கிளாஸால் வந்ததா என்று தெரியாது. ஆளுக்கு இரண்டு போதும். செம்பு, பித்தளை, ஈயம் பூசிய பாத்திரம் எதிலும் ஒயின் ஊற்றக் கூடாது, அதன் புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் உவர் தண்ணீர். கிணற்று நீரிலும் போர்த் தண்ணீரிலும் கழுவிக் காயவைத்த கிளாஸின் உட்புறம் வெள்ளைப் படலம் கட்டும். உப்பு புளிப்பையும் துவர்ப்பையும் தணிப்பதால் ஒயின் மந்தமாகத் தெரியும். கடைசி அலசலைக் குடிதண்ணீரில் செய்து, கவிழ்த்து வடியவிட்டு, வெள்ளைத் துணியால் துடையுங்கள். சோப்பு வாசனையும் அதே அளவு கெடுக்கும், நுரைக்கும் ஒயினின் குமிழையும் அது அடக்கிவிடும். ஊற்றுமுன் வெறும் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ருசி பார்க்கும் அறையில் மீன் பொரிக்கக் கூடாது, ஊதுபத்தி கூடாது, மல்லிகைப்பூ கூட அன்று தலையில் வேண்டாம்.

நாக்குக்கு முன்பயிற்சி

ஆங்கிலத்தில் ஒயின் எழுதுகிறவர்கள் டானினை விளக்கப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். நமக்குத் துவர்ப்பு என்ற ஒரே சொல் போதும். அறுசுவையில் அதை ஒன்றாக எண்ணி வளர்ந்த நாக்கு இது. வாழைப்பூ, நாவல்பழம், நுங்கின் தோல் ஆகியவை வாயில் செய்வதையே சிவப்பு ஒயின் செய்கிறது: உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்து, ஈறையும் கன்னத்தையும் வறட்டி இழுக்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானினே காரணம். வெள்ளை ஒயினில் தோலை முதலிலேயே நீக்கிவிடுவதால் துவர்ப்பு மிகக் குறைவு.

பாட்டிலைத் திறக்குமுன் அரை மணி நேரம் இதைச் செய்யுங்கள். நான்கு டம்ளரில் 200 மில்லி வீதம் தண்ணீர். முதலாவதில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. இரண்டாவதில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை. மூன்றாவதில் சுடுநீரில் இரண்டு டீஸ்பூன் டீத்தூளைப் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்து ஆறவிட்டது. நான்காவது வெறும் தண்ணீர். எலுமிச்சை நீரைக் குடித்ததும் தாடையோரம் உமிழ்நீர் ஊறும். அதுதான் ஒயினில் புளிப்பை அளக்கும் அடையாளம். டீயைக் குடித்ததும் வாய் காயும், அது துவர்ப்பு. இந்த இரண்டையும்தான் புதியவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்: ஊறுவது புளிப்பு, காய்வது துவர்ப்பு. பிறகு எலுமிச்சை நீரில் பாதியையும் சர்க்கரை நீரில் பாதியையும் கலந்து குடியுங்கள். இப்போது புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று எப்படி மறைக்கின்றன என்று புரியும்.

மணத்துக்கும் வெளிநாட்டுப் பழங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சாவிஞ்ஞோன் பிளாங்க்கில் பச்சை மிளகாய், குடமிளகாய், கொய்யா, நசுக்கிய புல். ஷெனினில் ஆப்பிள், முலாம்பழம், சில நேரம் தேன். ஷிராஸில் மிளகு, மிளகில் உள்ள ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஓக் பீப்பாயில் வைத்த ஒயினில் கிராம்பு, வனிலா, கொப்பரைத் தேங்காய். இவை கற்பனை உவமைகள் அல்ல: கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் ஓக் மரத்திலிருந்து ஒயினில் இறங்குகிறது, கொப்பரை மணத்துக்கும் ஓக்கில் லாக்டோன் என்ற ஒரு மணப்பொருள் உண்டு. மஸ்கட் என்ற திராட்சை வகையின் மணம் தெரிய வேண்டுமானால் கம்பம் பன்னீர்த் திராட்சையை நசுக்கி முகருங்கள், அதுவும் மஸ்கட் குடும்பம்தான். கிராம்பு, மிளகு, கொப்பரைத் துண்டு, கீறிய பச்சை மிளகாய், நாவல்பழம் அல்லது உலர்திராட்சை ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் மேஜையில் வைத்து, ஒயினை முகர்ந்தபின் ஒவ்வொன்றாக முகர்ந்து ஒத்துப்பாருங்கள்.

முதல் ஒப்பீடு

முதல் மாலைக்கு இரண்டே பாட்டில், இரண்டும் வெள்ளை: ஒரே தயாரிப்பாளரின் சாவிஞ்ஞோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க். நாசிக்கின் சூலா போன்ற பெரிய தோட்டங்கள் இரண்டையும் செய்கின்றன. ஊரும் தயாரிப்பாளரும் ஒன்றாக இருந்தால் வேறுபாடு பெரும்பாலும் திராட்சை வகையால் வந்தது என்று நம்பலாம்.

இரண்டையும் 9 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கிளாஸிலும் 40 மில்லி ஊற்றுங்கள். மருந்து அளக்கும் மூடியால் ஒருமுறை அளந்து கிளாஸில் எந்த உயரம் வருகிறது என்று பார்த்துக்கொண்டால் பிறகு கண்ணே சொல்லும். ஒரு பாட்டில் 750 மில்லி, அதில் இப்படி 18 ஊற்றல் கிடைக்கும். கீழே வெள்ளைத் தாள் விரித்து நிறம் பாருங்கள். ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு கிளாஸின் அடியை மேஜையில் வைத்தபடியே நான்கைந்து சுற்றுச் சுழற்றி மறுபடி முகருங்கள். சுழற்றியபின் மணம் இரண்டு மடங்காக எழும். ஒரு மிடறு எடுத்து, கொப்பளிப்பதுபோல் வாய் முழுக்கப் பரப்பி, உதட்டைச் சிறிது திறந்து காற்றை உள்ளிழுங்கள். விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ மனசுக்குள் எண்ணத் தொடங்குங்கள். ஐந்து எண்ணுவதற்குள் சுவை மறைந்தால் குட்டை, பத்து எண்ணும்வரை நின்றால் நல்லது, இருபதைத் தாண்டினால் அது சிறந்த ஒயின். புதியவர் கையில் உள்ள மிக நம்பகமான அளவுகோல் இந்த எண்ணிக்கைதான்.

துப்புவதற்கு மேஜையில் ஒரு சொம்பு வையுங்கள். துப்புவது அவமரியாதை இல்லை, தொழில்முறையில் ருசிப்பவர்கள் எல்லோரும் செய்வது. நான்கு ஒயினை 40 மில்லி வீதம் விழுங்கினால் ஒரு முழுக் கிளாஸ் ஆகிவிடும். மூன்றாவது ஒயினிலேயே நாக்கு மழுங்கும்.

எழுதிய பிறகுதான் பேச வேண்டும். இது முக்கியம். மச்சானோ மதினியோ முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த மணமே மற்றவர்களுக்கும் வரும். தாளில் மணம், புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, சாராயக் காரம், எண்ணிக்கை என ஆறு கட்டம் போட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுங்கள். பிறகு கிளாஸை இடவலம் மாற்றி மறுபடி ருசியுங்கள். இரண்டாவதாகக் குடித்தது எப்போதும் முதலாவதன் நிழலில் இருக்கும், மாற்றிப் பார்த்தால் அது சமன்படும்.

நான்கு பாட்டில்வரை போகும் மாலையில் வரிசை: நுரைப்பது, வெள்ளை, ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு. இடையில் தண்ணீரும் உப்பில்லாத பொரி அல்லது ரொட்டியும் போதும். மிக்சர், முறுக்கு வேண்டாம்.

அன்றாடமும் விசேஷமும்

விலை கூடினால் எதற்குக் காசு போகிறது? கொடிக்குக் குறைவான குலை, கையால் பொறுக்கிய பழம், பீப்பாய், காலம். வழக்கமான ஓக் பீப்பாய் 225 லிட்டர், அதிலிருந்து 300 பாட்டில்தான் வரும். பீப்பாயின் விலையும் அதில் ஒயின் கிடக்கும் மாதங்களும் பாட்டில் விலையில் ஏறும். இறக்குமதி என்றால் சுங்கவரியும் சேரும். ஆகவே ஒரே விலையில் நம் நாட்டு ஒயினையும் வெளிநாட்டு ஒயினையும் வைத்தால், வெளிநாட்டு ஒயினுக்குக் கொடுத்த பணத்தில் கணிசமான பங்கு வரி. எங்கள் கருத்தில் தொடக்கக்காரர் அந்தப் பணத்தை நம் நாட்டின் மேல்தர ஒயினில் போடுவதே நல்லது.

இதை நாக்கால் அறிய ஒரே தயாரிப்பாளரின் இரண்டு படிகளை வாங்குங்கள். சூலாவின் சாதாரண ஷிராஸ் கேபர்னேயும் டிண்டோரி ரிசர்வ் ஷிராஸும் ஒரு ஜோடி. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் உள்ள ஃப்ரடெல்லியின் சாஞ்சியோவேஸேயும் செட்டேயும் இன்னொன்று. நந்தி மலைப் பக்கத்துக் குரோவரின் அன்றாடச் சிவப்பையும் லா ரிசர்வையும் எடுத்தால் மூன்றாவது. இரண்டையும் 17 டிகிரியில் ஊற்றுங்கள். விசேஷ ஒயினை அரை மணி நேரம் முன்பே கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் காற்றுப் படவிடுங்கள், ஜாடி சூடேறாமல் ஒரு சட்டி குளிர்ந்த நீரில் நிறுத்தி வையுங்கள். அன்றாட ஒயின் முதல் மிடறிலேயே பழத்தை முழுக்கக் காட்டிவிடும். விசேஷ ஒயின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறு மணம் தரும்: முதலில் மரம், பிறகு கிராம்பு, அப்புறம்தான் பழம். ஓக் மணம் அதிகமாக இருப்பதாலேயே அதை உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மரம் மட்டும் தெரிந்து பழம் தெரியாவிட்டால் அது சமன் கெட்ட ஒயின், விலை எதுவானாலும்.

பெயரும் விலையும் மூளையை ஏமாற்றும். அதற்கு மருந்து மூன்று கிளாஸ் சோதனை. ருசிக்காத ஒருவர் வேறு அறையில், இரண்டு கிளாஸில் ஒரே ஒயினையும் மூன்றாவதில் மற்றதையும் 15 மில்லி வீதம் ஊற்றிக் கொண்டுவரட்டும். நிறம் காட்டிக்கொடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தனித்து நிற்பது எது என்று சொல்லுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாகும், ஆகவே ஒருமுறை போதாது, ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தில் நான்கு சரியாக வருவது வெறும் அதிர்ஷ்டத்தால் நடக்க வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நான்கு வந்தால் வேறுபாடு உங்கள் நாக்குக்கு உண்மையிலேயே தெரிகிறது. வராவிட்டால் அன்றாட ஒயினையே மனநிறைவோடு வாங்குங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி செய்து பாருங்கள்.

கிறிஸ்துமஸ், கல்யாண நாள் என்று நுரைக்கும் ஒயின் திறப்பவர்கள் கவனிக்க: உள்ளே அழுத்தம் கார் டயரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முந்தின இரவே பிரிட்ஜில் வைத்து, ஆட்டாமல் எடுத்து, கார்க்கின் மேல் துணியோடு கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்துங்கள். கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருக வேண்டும். யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது. பெருமூச்சு விட்டாற்போல் சத்தம் வந்தால் சரியாகத் திறந்தீர்கள். சூடான பாட்டில் என்றால் பாதி ஒயின் தரைக்குப் போகும்.

மீனோடு வைக்கும்போது

மீனுக்கு வெள்ளை என்ற பழைய விதிக்குக் காரணம் உண்டு. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: ஒயினில் கரைந்துள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து அந்த உலோக, கவிச்சு வாடையை உண்டாக்குகிறது. சிவப்பில் இரும்பு பெரும்பாலும் கூடுதல். ஆகவே சாளை, காணாங்கெளுத்தி போன்ற நெய் மிகுந்த மீனோடும் கருவாட்டோடும் சிவப்பு வேண்டவே வேண்டாம். வாடை கிளம்பினால் குறை மீனிலோ ஒயினிலோ இல்லை, சேர்த்ததில்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் மிளகாய். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, இந்தப் பக்கத்துக் குழம்பெல்லாம் அதன் நிறம்தான். வாயில் காரத்தையும் சூட்டையும் உணரும் ஏற்பியைச் சாராயம் மேலும் தூண்டுகிறது. 14 சதவீதச் சிவப்பைக் காரக் குழம்போடு குடித்தால் இரண்டும் சேர்ந்து எரியும், துவர்ப்பு அந்த எரிச்சலை இன்னும் முரடாக்கும். காரச் சாப்பாட்டுக்கு 12 சதவீதத்துக்கு மேற்படாத, இலேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த வெள்ளையோ ரோஸேயோ எடுங்கள்.

புளிக்குழம்புக்கு அதைவிடப் புளிப்பான ஒயின் வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் தண்ணீராகத் தெரியும், சாவிஞ்ஞோன் தாங்கும். தேங்காய்ப்பால் சேர்த்த சொதிக்குப் பீப்பாயில் வைத்த ஷார்டொனே அருமையாகப் பொருந்தும், கொப்பரை மணம் இரண்டிலும் உண்டு. பொரித்த நெத்திலி, கணவாய், உப்புத் தூக்கலான எதற்கும் நுரைக்கும் ஒயின்: குமிழும் புளிப்பும் எண்ணெயை வழித்துவிடும். அவித்த நண்டுக்கு ஷெனின். மிளகு தூக்கலாகப் போட்ட நண்டு வறுவலுக்கு மட்டும் 14 டிகிரியில் லேசான ஷிராஸ் முயன்று பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் குறைவாகவே வரும். ஆட்டுக்கறிக்குத் துவர்ப்பான சிவப்பை ஒப்பிட அதுவே நல்ல பருவம், கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மெத்தென்று ஆக்கும்.

இதையெல்லாம் நம்பாமல் வாயாலேயே சோதிக்கலாம். ஒரே ஒயினை மிடறு மிடறாக வைத்துக்கொண்டு, இடையே முதலில் உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டு, பிறகு ஒரு துண்டு கருப்பட்டி, கடைசியில் ஒரு விரல்நுனி மிளகாய்ச் சட்னி. உப்பும் புளிப்பும் கலந்ததற்குப் பின் ஒயின் மிருதுவாகும், கருப்பட்டிக்குப் பின் வெறும் புளிப்பாகும், மிளகாய்க்குப் பின் எரியும். பலகாரத்தோடு ஒயின் கொடுப்பதானால் அது பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

கெட்டதும் மிச்சமும்

ஈரச் சாக்கு, நனைந்த அட்டை வாடை வந்தால் கார்க்கில் தோன்றும் டிசிஏ என்ற பொருள். நேரம் போகப் போகக் கூடும், போகாது. தீக்குச்சி உரசிய வாடை கந்தகம்; பத்து நிமிடம் சுழற்றினால் போய்விடும், அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி, காடி நெடி என்றால் பாக்டீரியா வேலை. நறுக்கி வைத்து நிறம் மாறிய ஆப்பிள் வாடை காற்றுப்பட்டது. காய்ச்சிய ஜாம் மணமும் மந்தமான முடிவும் சூட்டில் வெந்தது. அடியில் கண்ணாடித் தூள் போலப் படிகம் கிடந்தால் பயப்பட வேண்டாம், அது குளிரில் படிந்த டார்டாரிக் உப்பு.

மிச்சத்தைக் காப்பாற்ற மிக மலிவான வழி: திருகு மூடியுள்ள 375 மில்லி கண்ணாடிப் பாட்டில் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி வைத்திருங்கள். பெரிய பாட்டிலைத் திறந்த உடனே, குடிக்கத் தொடங்குமுன், அதில் விளிம்பு தளும்ப நிரப்பி மூடிப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் ஒரு வாரம் தாங்கும். அப்படிச் செய்யாமல் பாதிப் பாட்டிலை மூடி வைத்தால் வெள்ளை பிரிட்ஜில் மூன்று நாள், சிவப்பும் பிரிட்ஜில்தான், மூன்று நான்கு நாள். மேஜை மேல் விட்ட சிவப்பு நம் ஊரில் மறுநாள் மாலைக்குள் மணம் இழக்கும். மிஞ்சியதைக் கறி ஊறவைக்கப் பயன்படுத்தலாம், கிலோவுக்கு 100 மில்லி, இரண்டு மணி நேரம்.

ருசித்த மாலையில் வண்டி எடுப்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். விடியலில் கடலுக்குப் போகிறவர், கர்ப்பிணிகள், மெட்ரோனிடசோல் போன்ற, மதுவோடு சேராத மாத்திரை எடுப்பவர்கள் முகர்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும். முகர்ந்தே மதிப்பெண் போட்டவர்களின் தாளையும் மற்றவர்கள் தாளோடு சேர்த்து, பாட்டில் பெயர், அறுவடை ஆண்டு, விலை, ஊற்றிய டிகிரி நான்கையும் மேலே எழுதி ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.